வாசகர் கேள்வி-பதில்: போர்ட் பிளேருக்குப் போகிறீர்களா?

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பல் உண்டாமே? நானும் மனைவியும் அறுபதைத் தாண்டியவர்கள். கப்பலில் போகலாமா, விமானமே மேலா?
- தஞ்சாவூர் வாசகர்

உடம்பு ஒத்துழைத்து, அவசரமும் இல்லையென்றால் தாராளமாகப் போகலாம். சென்னையிலிருந்து கடல் வழியாக ஏறக்குறைய 1,190 கிலோமீட்டர், இரண்டரை மூன்று நாள் ஆகும். இது சுற்றுலாக் கப்பல் இல்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். அந்தமான் நிர்வாகம் தீவு மக்களுக்காக நடத்தும் கப்பல். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள், வேலைக்குப் போகிறவர்கள், வைத்தியத்துக்குச் சென்னை வந்து திரும்புகிறவர்கள் என்று அவர்கள்தான் அதில் அதிகம். தீவுவாசிக்கு ஒரு கட்டணம், நமக்குக் கூடுதலாக வேறு கட்டணம், அது நியாயமும்கூட. பங்க் வகுப்பில் வரிசையாகப் படுக்கைகள், ரயிலின் ஸ்லீப்பர் பெட்டி மாதிரி. உங்கள் வயதுக்குக் கேபின் எடுத்துவிடுங்கள். ரயில் போல நாள் தவறாத அட்டவணை கிடையாது, தேதி தள்ளிப்போனால் தள்ளிப்போனதுதான், அதனால் முன்னும் பின்னும் சில நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மே முதல் செப்டம்பர் வரை கடல் நன்றாகவே ஆட்டும், அந்த மாதங்களில் வேண்டாம்.

விமானம் என்றால் சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

ஊர்ப் பெயரை மாற்றிவிட்டார்களே, டிக்கெட் எடுக்கும்போது எதைத் தேடுவது?
- சேலம் வாசகி

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். விமான நிலையக் குறியீடு பழைய IXZ-தான், அதைப் பார்த்தால் குழப்பம் வராது. பேச்சில் போர்ட் பிளேர் என்றாலே போதும்.

ஐந்து நாள்தான் லீவு. போர்ட் பிளேரில் ஒன்றுமில்லை, இறங்கியதும் ஹேவ்லாக் தீவுக்குப் போய்விடுங்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரியா?
- கோவை வாசகி

சரியில்லை. ஹேவ்லாக்கின் கடற்கரை அழகுதான், மறுக்கவில்லை, ஆனால் செல்லுலார் சிறையில் அரை நாளாவது நிற்காமல் அந்தமான் போய் வந்தேன் என்று சொல்வதில் எனக்குச் சம்மதமே கிடையாது. நடுக் கோபுரத்திலிருந்து ஏழு திசையில் ஏழு கட்டடம் கட்டினார்கள், 1906-இல் வேலை முடிந்தது. இன்று மிஞ்சியிருப்பது மூன்றுதான்; இடித்த இடத்தில் அரசு மருத்துவமனை நிற்கிறது. மாடி வராந்தாவில் ஒரு அறைக்கு முன்னால் நின்று எதிரே பாருங்கள். அடுத்த கட்டடத்தின் முதுகு மட்டும்தான் தெரியும். ஒரு கைதியின் முகம் இன்னொரு கைதிக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே அப்படித் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். கதவின் தாழ்ப்பாளையும் பாருங்கள், உள்ளேயிருந்து கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டாதபடி சுவருக்குள் தள்ளி வைத்திருப்பார்கள். இதையெல்லாம் பத்து நிமிஷத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டு கடந்துவிடாதீர்கள், பிள்ளைகள் இருந்தால் நின்று சொல்லிக் கொடுங்கள். எந்த நாளில் விடுமுறை என்று முன்னாலேயே விசாரித்துத் திட்டம் போடுங்கள்.

அப்புறம் எதிரே ராஸ் தீவு, இப்போது நேதாஜியின் பெயரில் இருக்கிறது. படகில் கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். பிரிட்டிஷ்காரர்களின் தலைமையிடமாக இருந்த இடம். இன்று தேவாலயச் சுவரையும் மாளிகைச் சுவரையும் மரவேர்கள் கவ்விப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன, நடுவே மான்கள் மேய்கின்றன.

ஐந்து நாளில் முதல் நாளும் கடைசி நாளும் போர்ட் பிளேருக்கு, நடுவில் ஹேவ்லாக். ஹேவ்லாக்கிலிருந்து படகில் வந்து அன்றைக்கே விமானம் பிடிக்கலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். கடல் சரியில்லையென்றால் படகை நிறுத்திவிடுவார்கள், விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. படகு டிக்கெட்டில் ஃபீனிக்ஸ் பேயா, ஹேடோவா, எந்தப் படகுத்துறை என்று முதல் நாளே பார்த்து வையுங்கள், இரண்டும் வேறு வேறு இடம்.

ஊருக்குள் எப்படிச் சுற்றுவது? எங்களுக்கு இந்தி சுத்தமாக வராது.
- விருதுநகர் வாசகர்

அந்தக் கவலையே வேண்டாம். ஊரில் பொதுமொழி இந்திதான், ஆனாலும் தலைமுறைகளாக அங்கேயே இருக்கும் தமிழர்கள் நிறையப் பேர். கடைவீதியில் தமிழில் கேட்டால் பதில் சொல்ல யாராவது கிடைப்பார்கள்.

விமான நிலையம் ஊரை ஒட்டியே இருக்கிறது, அபர்தீன் பஜாருக்கு மூன்று நான்கு கிலோமீட்டர்தான். ஆட்டோவில் ஏறும் முன்னால் கட்டணத்தைப் பேசிவிடுங்கள். பஜார் பக்கத்து பஸ் நிலையத்திலிருந்து வண்டூர், சிடியா டாப்பு கடற்கரைகளுக்கெல்லாம் அரசு பஸ் உண்டு, காசும் குறைவு. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும்; ஊர் முழுக்க ஏற்ற இறக்கம், மழை பெய்தால் வழுக்கும், பழகிய கை இருந்தால் மட்டும் எடுங்கள்.

இன்னொன்று ரொம்ப முக்கியம். நம் கடிகாரம்தான், ஆனால் அந்தமான் வெகு கிழக்கே இருப்பதால் டிசம்பரில் மாலை 5 மணிக்கே சூரியன் இறங்கிவிடும். சிடியா டாப்பில் சூரிய அஸ்தமனம் பார்க்க ஐந்தரைக்குப் போய் நின்றால் இருட்டுதான் இருக்கும். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, மதியம் கொஞ்சம் படுத்து, மூன்று மணிக்கு மறுபடி கிளம்புங்கள்.

பாராடாங் சுண்ணாம்புக் குகைக்குப் போகும் வழியில் ஜாரவா பழங்குடியினரைப் பார்க்கலாம் என்று டிராவல்ஸில் சொன்னார்கள். போகலாமா?
- சென்னை வாசகர்

குகையைப் பார்க்கப் போவது வேறு. அவர்களைப் பார்ப்பதற்காக என்றால் தயவுசெய்து போகாதீர்கள், அப்படி விற்கிறவரிடம் டிக்கெட்டும் எடுக்காதீர்கள். சில நூறு பேர் மட்டுமே இருக்கும் ஒரு சமூகத்தின் காட்டை அறுத்துக்கொண்டு அந்தச் சாலை போகிறது. அதை மூடச் சொல்லி 2002-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, ஆனாலும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகளை மொத்தமாகச் சேர்த்து, காவலோடு அனுப்புவார்கள். வழியில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, தின்பண்டம் எதுவும் கொடுக்கக்கூடாது. நமக்குச் சாதாரணமாக வந்து போகும் காய்ச்சல்கூட அவர்களை மொத்தமாகச் சாய்த்துவிடும். யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்று கேமராவை நீட்டுவோமா?

கையில் எவ்வளவு பணம் வைத்துக்கொள்ள வேண்டும்? வேறு என்ன எடுத்துப் போகலாம்?
- நாகர்கோவில் வாசகி

போர்ட் பிளேரில் ஏடிஎம் நிறைய உண்டு, மற்ற தீவுகளில் குறைவு, எனவே படகு ஏறும் முன் பணத்தை எடுத்துவிடுங்கள். சென்னையிலிருந்து கடலடி கேபிள் 2020-இல் வந்தபிறகு ஊருக்குள் இணையம் பரவாயில்லை, தள்ளிப் போனால் நம்ப முடியாது, டிக்கெட்டுகளை அச்செடுத்து வையுங்கள். கோடையில் ஊரில் தண்ணீர்த் தட்டுப்பாடு வரும், பக்கெட் தண்ணீரைப் பார்த்துச் செலவழியுங்கள். திரும்பும்போது கரையில் பொறுக்கிய சங்கு, பவளம் எதையும் பையில் போட வேண்டாம், விமான நிலையத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.