வலிக்குத்தானே போடுகிறார்?

கேள்வி: என் கணவருக்கு 43 வயது, துணிக்கடை வைத்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் முதுகில் டிஸ்க் ஆபரேஷன் நடந்தது. அப்போது டிரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையைச் சில வாரங்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதை இன்னும் நிறுத்தவில்லை. இப்போது தினமும் பத்து மாத்திரை, ஒரு அட்டையே காலியாகிறது. வேறு வேறு மெடிக்கலில் வாங்கி பைக் பெட்டியில் ஒளித்து வைக்கிறார், கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார். போன மாதம் மாத்திரையை எடுத்து மறைத்து வைத்தேன். மறுநாளே மூக்கு ஒழுகல், கொட்டாவி, வியர்வை, வயிற்றுப்போக்கு, கால் குடைச்சல். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்தேன், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டார். மாமியாரோ "வலிக்குத்தானே போடுறான், குடிக்கிறானா என்ன?" என்கிறார். நான் வீணாகச் சந்தேகப்படுகிறேனா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: இல்லை சகோதரி, உங்கள் சந்தேகம் சரியானதுதான்.

முதலில் அந்த மூக்கு ஒழுகல், கொட்டாவி, கால் குடைச்சல். டிரமடால் அபின் வகையைச் சேர்ந்த மருந்து. வாரக்கணக்கில் தினமும் போட்டால் யார் உடம்பும் அதற்குப் பழகிவிடும், திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் துடிக்கும். புற்றுநோய் வலிக்காக டாக்டர் சொன்ன அளவில் மார்ஃபின் எடுப்பவருக்கும் இது வரும், அதனால் அவரை அடிமை என்று சொல்லிவிட முடியாது. உங்கள் கணவர் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது மற்றவைதான்: அளவு ஏறிக்கொண்டே போனது, கடை மாற்றி வாங்குவது, ஒளித்து வைப்பது, தொழில் கெடுகிறது என்று தெரிந்தும் விட முடியாமல் இருப்பது. இவை சேர்ந்துவிட்டால் அது அடிமைத்தனம்தான், சீட்டில் எழுதிக் கொடுத்த மருந்து என்பதால் அது வேறொன்றாகிவிடாது.

அப்படியானால் வலி பொய்யா என்றால், அதுவும் இல்லை. உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை. இந்த வகை மருந்தை நீண்ட நாள் எடுத்தால் சிலருக்கு உடம்பு வலியை முன்பைவிட அதிகமாகவே உணரத் தொடங்கும். அது போக, ஒரு வேளை மாத்திரையின் வேகம் இறங்கும்போது வருகிற குடைச்சலும் பழைய முதுகுவலி மாதிரியே தெரியும், மாத்திரை போட்டதும் அடங்கும், பாத்தீங்களா வலிக்குத்தான் போட்டேன் என்று அவரே முழுதாக நம்புவார். அதனால் "நடிக்கிறீங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்த ஒரு வார்த்தையில் பேச்சே முறிந்துவிடும்.

மாத்திரையை ஒளித்து வைப்பதையும் விட்டுவிடுங்கள். தவிப்பு தாங்காமல் இன்னும் கூடுதலாகத் தேடிப் போவார். சில நாள் நிறுத்திவிட்டுப் பழைய அளவையே திரும்பப் போட்டால் உடம்பு தாங்காது, மூச்சு மந்தமாகும் ஆபத்து உண்டு. டிரமடால் அளவு மீறினால் வலிப்பும் வரலாம். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்திருந்தால் ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. இந்தக் கூட்டு மாத்திரையில் பொதுவாக 325 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கும். பத்து மாத்திரை என்றால் 3,250. காய்ச்சல் என்று ஒரு 650-ஐயும் சேர்த்துப் போட்டால் ஒரு நாளுக்கான உச்சவரம்பான 4 கிராமை நெருங்கிவிடும். கல்லீரல் என்ன நிலையில் இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

பேசுவதற்குக் காலை நேரம் நல்லது, அவர் தெளிவாக இருக்கும்போது, மாமியார் இல்லாத இடத்தில். "வலி இருக்குன்னு நம்புறேன், ஆனா இந்த மாத்திரை உங்களை விட மாட்டேங்குது, வாங்க ரெண்டு பேரும் போய் டாக்டரைப் பார்ப்போம்" என்றால் போதும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், எந்த மாத்திரை, தினம் எத்தனை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள், தேவைப்பட்டால் புப்ரினார்ஃபின் போன்ற மாற்று மருந்தைக் கண்காணிப்பில் கொடுப்பார்கள். முதுகுக்கு பிசியோதெரபி, நரம்பு வலிக்கான வேறு மருந்துகள் என்று தனியாகப் பார்க்க வேண்டும். வலியைக் கவனிக்காமல் பழக்கத்தை மட்டும் நிறுத்தினால் மறுபடி அதே கடைக்குத்தான் போவார். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது 14416-க்குப் பேசுங்கள், டெலி மனஸ் என்கிற அரசின் மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம். வேனில் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று சொல்லும் இடங்களை மட்டும் நம்பாதீர்கள்.

2018 முதல் டிரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, அதனால் போலீஸ் பயம் இருக்கலாம். தாமாகச் சிகிச்சைக்கு வருகிறவருக்கு அதே சட்டத்தில் பாதுகாப்பும் இருக்கிறது, தைரியமாகப் போங்கள்.

கேள்வி: அம்மா மூட்டுவலிக்கு தினமும் டைக்ளோபினாக் போடுகிறார். அவரும் அடிமையாகிவிடுவாரா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: அது அபின் வகை மருந்து இல்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் தினமும் போட்டால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம், ரத்த அழுத்தமும் ஏறலாம். சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டு இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். மலம் கறுப்பாகப் போனால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.