பகடையும் பட்டாளமும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் தம்பி, மாதத்தில் ஒரு ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு சமூகக் கூடத்தில் குட்டிப் பொம்மைப் படைகளை வைத்துப் பழங்காலப் போர்களை ஆடிவிட்டு வருகிறான். காலை பத்து மணிக்குப் போனால் திரும்ப ஐந்தாகிறது. அப்படி என்னதான் நடக்கிறது? நாங்கள் ஏழு பேர் சேர்ந்து இங்கே ஒரு நாள் நடத்த முடியுமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: தாராளமாக நடத்தலாம். எடுத்த எடுப்பில் நெப்போலியன் காலப் பெரும்படை மட்டும் வேண்டாம். முந்நூறு பொம்மைக்கு வண்ணம் அடித்து முடிப்பதற்குள் ஆசையே வற்றிவிடும். 1990-இல் இங்கிலாந்தில் வெளிவந்த, பழங்காலப் போர்களுக்கான டி.பி.ஏ. என்ற விதிகளிலிருந்து தொடங்குங்கள். ஆளுக்குப் பன்னிரண்டு தட்டுகள் (பொம்மைகளை ஒட்டிவைக்கும் சிறு அடித்தட்டுகள்), அதுதான் முழுப் படை. 15 மி.மீ. பொம்மைக்குத் தட்டின் அகலம் 40 மி.மீ. அதில் நெருங்கி நிற்கும் வாள்வீரர் என்றால் 4 பேர், குதிரைப்படை என்றால் 3, முன்னால் ஓடிக் கவண் எறிகிறவர்கள் 2, யானை ஒன்றே ஒன்று. பெரும்பாலும் ஐம்பது பொம்மையைத் தாண்டாது. களத்துக்கு இரண்டு அடி சதுரப் பலகை போதும். சாப்பாட்டு மேசையிலேயே ஆடிவிடலாம்.

தன் முறை வந்ததும் ஒரு பகடையை உருட்டுவார்கள். விழுந்த எண்தான் அந்த முறைக்கான கட்டளைப் புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரு தட்டையோ, ஒட்டி நிற்கும் ஒரு வரிசையையோ நகர்த்தலாம். ஒன்று விழுந்தால் பன்னிரண்டில் பாதிப் படை கல்லாய் நிற்கும். வரிசையைக் குலைக்காமல் வைத்திருப்பவருக்கு ஒரு புள்ளியிலும் வேலை நடக்கும், சிதறவிட்டவருக்கு ஆறும் போதாது. எதிரியைவிட அதிகமாக, நான்கு தட்டுகளை இழந்தவர் தோற்றார்.

ஒரு ஆட்டம் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி வரை. எனவே நாளுக்கு நான்கு சுற்று: 10.15, 11.30, சாப்பாட்டுக்குப் பிறகு 1.30, 2.45. மீதி நேரம் பேச்சுக்கும் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கவும் சரியாக இருக்கும். நேரத்தைத் தின்பது சண்டை அல்ல, அணிவகுப்பு. பாதுகாப்பவர் மலையையும் காட்டையும் வைத்து முதலில் படையை நிறுத்த வேண்டும். தாக்குபவர் அதைப் பார்த்துத் தன் படையை நிறுத்திவிட்டு முதல் நகர்வையும் பெறுவார். இதற்கெல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது 'கடைசி முறை' என்று குரல் கொடுங்கள். இருவருக்கும் சம எண்ணிக்கையில் முறை கிடைத்திருக்க வேண்டும்.

ஏழு பேர் என்றால் ஒருவர் சும்மா நிற்பார். நடத்துபவர் உதிரிப் படை ஒன்றோடு வந்து, ஒற்றைப்படை எண்ணிக்கையானால் மட்டும் ஆடட்டும். படை வாங்கும்போது ஒன்றாக வாங்காமல் சோடியாக வாங்குங்கள்: ரோமும் கார்த்தேஜும் போல. விருந்தாளி வெறுங்கையோடு வந்தாலும் ஆடலாம். தமிழ்ப் படைக்கும் சிங்களப் படைக்கும் அந்த விதிநூலில் பட்டியல் உண்டு. யானை வைத்திருப்பவருக்கு ஒரு எச்சரிக்கை: எறிவேல் ஏந்திய இலகுக் காலாட்களிடம் தோற்றால் யானை பின்வாங்காது, அங்கேயே அழியும். அதைக் குதிரைக்கு எதிரே நிறுத்துங்கள்.

கேள்வி: இரண்டு ஆட்டம் பார்த்தேன். கடைசியில் எல்லாம் பகடை விழுவதைப் பொறுத்ததுதானே? இதில் மூளைக்கு என்ன வேலை?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். விதிநூலில் ஒவ்வொரு வகைப் படைக்கும் ஒரு பல எண் உண்டு: காலாளுக்கு எதிராக வாள்வீரருக்கு 5, ஈட்டியருக்கு 4. இருவரும் ஆளுக்கொரு பகடை உருட்டி அதோடு கூட்டுகிறார்கள். வேறு கூட்டல் கழித்தல் இல்லையென்றால், 36 சேர்க்கைகளில் வாள்வீரர் ஜெயிப்பது 21, சமம் 5, தோற்பது 10. இப்போது ஈட்டியரின் தோழர் ஒருவர் வாள்வீரரின் பக்கவாட்டில் வந்து முனையோடு முனை நிற்கிறார். வாள்வீரருக்கு 1 கழியும். ஜெயிப்பது 15, சமம் 6, தோற்பது 15. இரண்டு பக்கமும் ஆள் வந்துவிட்டால் 10, 5, 21. பகடையில் ஒரு மாற்றமும் இல்லை. நிற்கும் இடம் மட்டுமே மாறியது. அதுதான் மூளைக்கு வேலை.

இன்னொன்று: தோற்றால் பெரும்பாலும் பின்னுக்குத் தள்ளப்படுவதோடு சரி, எதிரியின் கூட்டுத்தொகையில் பாதியோ அதற்குக் குறைவோ எடுத்தால்தான் பலர் அழிகிறார்கள். வில்லாளிக்குக் காலாளுக்கு எதிராக 2 மட்டுமே. வாள்வீரர் 3 உருட்டி 8 ஆக, வில்லாளி 2 உருட்டி 4 ஆனால், தட்டு காலி. முழுக் கணக்கு 36-இல் 12, அதாவது மூன்றில் ஒன்று. வில்லாளிகளை வாள்வீரரிடம் அனுப்பிவிட்டுப் பகடையைத் திட்டுகிறவர்களை எல்லாக் கூட்டத்திலும் பார்க்கலாம்.

கேள்வி: ஒரு மி.மீ. தூரத்துக்காக இரண்டு நண்பர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: நகர்த்தும்போதே எண்ணத்தை வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள்: 'உங்கள் வில் எட்டாத தூரத்தில் நிறுத்துகிறேன், சரிதானே?' எதிராளி 'சரி' என்றால் பிறகு முழங்கை பட்டுத் தட்டு நகர்ந்தாலும் சண்டை இல்லை. இருவருக்கும் ஒரே அளவுகோல். டேப் வேண்டாம், அதன் வளைவிலேயே இரண்டு மி.மீ. போய்விடும். பகடையை ஓரம் உயர்ந்த தட்டில் உருட்டட்டும். சாய்ந்து நின்றால் மறு உருட்டல், விழுந்த எண் யாருக்குச் சாதகமானாலும்.

கேள்வி: மூன்று வாரம் உட்கார்ந்து வண்ணம் அடித்த படைக்கு மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். விடிந்து பார்த்தால் மாவு தூவியது போல வெளுத்துக் கிடக்கிறது. படை போனதா?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பெரும்பாலும் போகவில்லை. அடித்தது மழைக்கால மாலையாக இருக்கும். ஸ்ப்ரேயின் கரைப்பான் ஆவியாகும்போது பொம்மையின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. படலம் இறுகும்போது ஈரமும் உள்ளே சிக்கி வெளுக்கிறது. டப்பாவைச் சரியாகக் குலுக்காததும், ஒரே அடியில் தடியாக அடிப்பதும் அடுத்த காரணங்கள்: பளபளப்பைக் குறைக்கச் சேர்க்கும் தூள், மடிப்புகளிலும் கண்குழிகளிலும் போய்த் தங்கிவிடும்.

முதலில் ஒரே ஒரு பொம்மையில், அதுவும் பின்வரிசை ஆளில், பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மெல்லப் பூசிப் பாருங்கள். சொரசொரப்பான பரப்பு நிரம்பியதும் உள்ளிருக்கும் வண்ணம் பல வேளை திரும்பித் தெரியும். தெரிந்தால் மற்றவற்றுக்கும் செய்து, ஒரு நாள் காயவிட்டு, வெயில் ஏறிய நேரத்தில் மேட் வார்னிஷை மெல்லிசாக ஒரு முறை. டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்குங்கள், 25 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள், பொம்மைக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். ரொம்பத் தள்ளிப் பிடித்தால் துளிகள் வழியிலேயே காய்ந்து மணல் ஒட்டியது போலாகும். கடலோர ஊர்க்காரர்களுக்கு எங்கள் யோசனை: ஸ்ப்ரேயை மறந்துவிட்டுத் தூரிகையால் பூசும் மேட் வார்னிஷுக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் போரை மேசையில் கொண்டுவர முடியுமா?
– ஒரு வாசகர், வந்தவாசி

பதில்: 1760 ஜனவரி 22. தளபதி அயர் கூட் நடத்திய ஆங்கிலப் படையும் தளபதி லாலி நடத்திய பிரெஞ்சுப் படையும். மேசைக்கென்றே நடந்த மாதிரி அளவான போர். கூட் வசம் ஏறத்தாழ இரண்டாயிரம் ஐரோப்பியர், கிட்டத்தட்ட அதே அளவு சிப்பாய்கள்; லாலியிடம் ஐரோப்பியர் சற்று அதிகம், சிப்பாய்கள் குறைவு. ஒரு பொம்மைக்கு 50 ஆள் என்று வைத்தால் ஆங்கிலப் பக்கம் காலாட்கள் 80 பொம்மை. குதிரையும் பீரங்கியும் தனி. மேசை 6 அடிக்கு 4 அடி. டி.பி.ஏ. இதற்கு உதவாது, துப்பாக்கிக் காலத்துக்கான விதிகள் வேண்டும்.

போரின் உயிர் மூன்று இடங்களில் இருக்கிறது. பிரெஞ்சு லொரெய்ன் ரெஜிமென்ட் நெடுவரிசையாகப் பாய்ந்தது. ஆங்கிலேயர் அது நெருங்கும்வரை சுடாமல் காத்து, பிறகு சுட்டார்கள். அதற்கு 'முதல் வேட்டு' விதி எழுதுங்கள்: நிதானமாக நிரப்பிய முதல் வேட்டுக்கு ஒரு முறை மட்டும் கூடுதல் 1. ஒரு அங்குலம் 25 கஜம் என்றால் இரண்டு அங்குலத்தில் சுடுபவருக்குத்தான் அது முழுப் பலன் தரும். பதற்றத்தில் முன்பே சுட்டவருக்கு வீண்.

அடுத்தது வெடிவிபத்து. பிரெஞ்சு இடப்பக்கத்தில் அரணாக்கிய குளத்தருகே வெடிமருந்து வண்டி குண்டு பட்டுச் சிதற, அந்தப் பக்கமே குலைந்தது. வரலாறு படித்த லாலி வண்டியை அங்கே வைக்கவே மாட்டார். எனவே வண்டியை நடுவர் வைக்கட்டும். அந்த அரணை நோக்கிச் சுடும்போது 6 விழுந்தால் மறுபடி உருட்டவும். மீண்டும் 6 என்றால் வெடிப்பு. மூன்று பீரங்கி, எட்டு முறை என்றால் 24 வேட்டு. வெடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதி. அந்தக் குளத்து அரணை மீட்கப் போய்த்தான் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடிபட்டார்.

மூன்றாவது, லாலியின் பக்கம் இருந்த மராட்டியக் குதிரைப்படை. போரில் அது கலந்துகொள்ளவே இல்லை. அந்தப் பொம்மைகளை மேசை ஓரத்தில் அழகாக நிறுத்தி, ஒவ்வொரு முறையும் நடுவர் தீவிர முகத்தோடு ஒரு பகடை உருட்டட்டும். அவர்கள் வரப்போவதில்லை என்பது அவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். கூட் ஆடுபவர் கடைசிவரை இரண்டு தட்டுகளை அந்தப் பக்கம் காவலுக்கு விட்டுவைப்பார்.

கேள்வி: என் எட்டு வயது மகன் பொம்மைகளை எடுக்கலாமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் உண்டு. அவனுக்கு 1:72 அளவு பிளாஸ்டிக் பொம்மைகள் கொடுங்கள். உலோகத்தை அரத்தால் ராவுகிற நீங்களும் கை கழுவிவிட்டே சாப்பிடுங்கள்.

கேள்வி: பேருந்தில் கொண்டுபோய் வருவதற்குள் ஈட்டிகள் எல்லாம் வளைந்துவிடுகின்றன.
– ஒரு வாசகர், மதுரை

பதில்: வார்ப்பிலேயே வரும் ஈட்டியை இரண்டு முறை நிமிர்த்தினால் மூன்றாவது முறை மணிக்கட்டருகே ஒடியும். வண்ணம் அடிக்கும் முன்பே வெட்டிவிட்டு, கையில் 0.6 மி.மீ. துளையிட்டு எஃகுக் கம்பியைச் செருகி சூப்பர் க்ளூ வையுங்கள். வெட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துண்டு தெறிக்கும். முனையை லேசாக ராவி மழுக்குங்கள். கூராக விட்டால் எதிராளியின் விரலில்தான் முதல் ரத்தம். தட்டின் அடியில் காந்த ஷீட், டிபன் டப்பா போன்ற இரும்புப் பெட்டி. எவர்சில்வர் வாங்குவதற்கு முன் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள், பலவற்றில் ஒட்டாது.