டோரியின் முதுகு

கேள்வி: 'சூப்பர் மரியோ 64' வீடியோ கேமில் பாதாள ஏரியில் நீந்தும் டோரியைப் போன இதழில் அவ்வளவு புகழ்ந்திருந்தீர்கள். அந்த நீர் டைனோசர் வெறும் வண்டிதானே? பின்னால் வந்த மரியோ விளையாட்டுகளில் அதேபோல் சவாரி தரும் பிளெஸி எல்லா வகையிலும் மேல் இல்லையா?
- கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: இல்லை. பிளெஸியை வண்டி என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். 2013-ல் 'சூப்பர் மரியோ 3டி வேர்ல்ட்' வந்தபோது முதல் உலகத்தின் நான்காவது கட்டத்திலேயே நம்மை ஏற்றிக்கொண்டு அருவியில் சறுக்கியது. திருப்பினால் திரும்பும், குதிக்கச் சொன்னால் குதிக்கும். நாலு பேர் ஏறினால் நாலு பேரும் சேர்ந்துதான் ஓட்ட வேண்டும்; அந்தக் கூச்சலே தனி சுகம். 2021-ல் 'பவுசர்ஸ் ஃபியூரி'யில் ஒரு பெரிய ஏரி முழுக்க அதன் முதுகில்தான் சவாரி. அருமையான வண்டி.

டோரியை அப்படி ஓட்ட முடியாது. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் அது தன் ஏரியைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஏறி நின்றால், மரியோ எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கமாக நிதானமாகத் திரும்பும். ஏரி நடுவில் இருக்கும் தீவுக்குப் போக வேண்டுமானால் தீவைப் பார்த்தபடி நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவசரப்பட்டால் தண்ணீரில் விழுவீர்கள்.

இனி, 1996-ல் 'சூப்பர் மரியோ 64'-ஐச் செய்தவர்களுக்கு நான் இன்றும் கை கூப்பும் இடம். குதித்து நடுவானில் இசட் பொத்தானை அமுக்கினால் மரியோ ஒரு குட்டிக்கரணம் போட்டுத் தொம்மென்று கீழே இறங்குவார். அது அடிக்கும் அடி. இரண்டாவது கட்டத்தில் வாம்ப் ராஜா என்ற கல் அரக்கன் முகம் குப்புற விழுந்ததும் அவன் முதுகில் மூன்று முறை அப்படி இறங்கினால் ஆள் காலி. அதே அடியை ஆறாவது கட்டத்தில் டோரியின் முதுகில் கொடுத்துப் பாருங்கள். அது சாகாது, சீறாது, உங்களை உதறாது. நீண்ட கழுத்தை வளைத்துத் தலையைத் தாழ்த்தும். கழுத்து வழியாக ஓடித் தலையில் ஏறி நின்றால் உங்களை மேலே தூக்கிவிடும். அதுவரை கொல்லக் கற்றுக்கொடுத்த பொத்தான், இங்கே 'ஏறிக்கொள்ளட்டுமா' என்று கேட்பதாக மாறிவிடுகிறது. இதை விளக்க ஒரு வரி வசனம் வேண்டாம், கண்ணீர்க் காட்சி வேண்டாம். கதை சொல்கிறோம் என்று அரை மணி நேரம் படம் காட்டும் இன்றைய விளையாட்டுகள் மேல் எனக்குள்ள கோபம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குப் பழகிப்போனது. அவற்றைச் செய்பவர்கள் அந்த ஏரிக்கு ஒரு முறை போய்வர வேண்டும்.

அடுத்து, டைனோசர். எத்தனை தடவை எழுதினாலும் இது ஓயமாட்டேன் என்கிறது. நீண்ட கழுத்து, நான்கு துடுப்புக் கால்கள்: டோரி பிளெஸியோசர் சாயலில் வரைந்த பிராணி. பிளெஸியோசர்கள் டைனோசர்கள் காலத்தில் கடலில் வாழ்ந்த ஊர்வன, கிளையே வேறு. முட்டையிடக் கரைக்கு வந்தன என்று முன்பு பலர் நினைத்தார்கள். அமெரிக்காவின் கன்சாஸில் கிடைத்த ஒரு புதைபடிவத்தில் தாயின் வயிற்றுக்குள் ஒரே ஒரு பெரிய குட்டி இருந்தது. அந்த ஆய்வு 2011-ல் வெளியானது. குட்டி போட்ட பிராணியை, அதுவும் ஒன்றே ஒன்றாகப் போட்டதை, பல்லைக் காட்டும் ராட்சதனாகவே படங்களில் பார்த்து வளர்ந்திருக்கிறோம். அதைச் சாதுவாகக் காட்டிய டோரி எனக்கு இதனாலும் பிடிக்கும்.

டோரி பிறந்த ஜப்பானில் இந்தப் பிராணிக்கு ஒரு நல்ல கதை உண்டு. 1968-ல் ஃபுகுஷிமா மாகாணத்து இவாகியில் தடாஷி சுசுகி என்ற பள்ளி மாணவர் ஆற்றங்கரைப் பாறையில் ஒரு பிளெஸியோசரின் எலும்புகளைக் கண்டுபிடித்தார். முறையான அறிவியல் பெயர் வைக்க 2006 ஆகிவிட்டது. ஆனாலும் மறக்காமல் அந்த இனத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: ஃபுடபாசாரஸ் சுசுகிஐ.

இங்கிலாந்தில் இந்த மரியாதை நடக்கவில்லை. லைம் ரீஜிஸ் கடற்கரைப் பாறைகளில் முதல் முழு பிளெஸியோசர் எலும்புக்கூட்டை 1823-ல் தோண்டி எடுத்தவர் மேரி அன்னிங். மறு ஆண்டு பிப்ரவரியில் வில்லியம் கோனிபியர் என்ற நிலவியலாளர் அதை லண்டன் நிலவியல் சங்கத்தில் விவரித்தபோது அன்னிங்கின் பெயரைச் சொல்லவே இல்லை. அன்னிங் 1847-ல் இறந்தார். அந்தச் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1919-ல். ஒரு பிளெஸியோசர் பேரினத்துக்கு அன்னிங்கசாரா என்று அவர் பெயர் வந்ததோ 2012-ல்.