நோய் இருக்கும் வீட்டில் சிரிக்கலாமா? – கடிதம்

வணக்கம் சார்,

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெருங்குடலில் கேன்சர். ஆபரேஷன் முடிந்து இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தை ஏற்றிவிட்டு, பதினான்கு நாளைக்கு மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். நான்கு சைக்கிள் முடிந்திருக்கிறது. என்ன வியாதி, எந்த ஸ்டேஜ் என்பதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும்.

சாயங்காலம் நானும் அவரும் ரம்மி ஆடுவோம். அவர் கள்ளாட்டம் ஆடுவார், நான் பிடிப்பேன், ஒரே சத்தமாக இருக்கும். போன வாரம் அத்தை அவரைப் பார்க்க வந்தார். “வீட்டுல இப்படியொரு நோயை வெச்சுக்கிட்டு அப்பனும் மகளும் கூத்தடிக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அப்பா சீட்டைத் தொடவில்லை. நிஜத்தைப் பார்க்கப் பயந்துதான் சிரிக்கிறோமோ என்று எனக்கும் இப்போது தோன்றுகிறது. கீமோ போட்ட அன்று இரவெல்லாம் தூங்காமல் பழைய பஸ் கதைகளைச் சொல்லிச் சிரிப்பார். நான்காம் நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். இதில் எது உண்மையான அப்பா?

அடுத்த மாதம் என் மகனுக்கு ஐந்தாவது பிறந்தநாள். கொண்டாட வேண்டும் என்கிறார் அப்பா. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் என் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் அத்தை. அவர் மேல் கோபப்படாதீர்கள். நோயாளியைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் மட்டும் கொண்டுவருவதில்லை. பஸ்ஸில் வரும்போதே அழுகையையும் சேர்த்துக்கொண்டுதான் வருகிறார்கள். கதவைத் திறந்தால் கூடப்பிறந்தவர் ஜோக்கரை மடிக்குள் ஒளித்துக்கொண்டிருக்கிறார். கொண்டுவந்த அழுகையை எங்கே இறக்கி வைப்பது? நீங்கள் இந்த நோயோடு சில மாதங்கள் குடித்தனம் நடத்திவிட்டீர்கள். அவருக்கு அன்றுதான் முதல் நாள். அந்த முதல் நாளில் நீங்களும் சிரித்திருக்க மாட்டீர்கள்.

ஆனால் அவர் சொன்னது சரியில்லை. 1990களில் சான் பிரான்சிஸ்கோவில் சூசன் ஃபோக்மன் என்ற உளவியலாளர், எய்ட்ஸ் வந்த துணைவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட ஆண்களைத் தொடர்ந்து சந்தித்து ஆராய்ந்தார். அப்போது அந்த நோய்க்குச் சரியான மருந்து கிடையாது. என்ன கஷ்டம், எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்றுதான் ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சில வாரங்களிலேயே அந்த ஆண்கள் குறைபட்டுக்கொண்டார்கள்: கஷ்டத்தை மட்டும் கேட்கிறீர்களே, நல்லதாக நடந்ததைக் கேட்க மாட்டீர்களா? அதன்பிறகு அந்தக் கேள்வியும் சேர்ந்தது. அநேகமாக எல்லோரிடமும் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, அன்றாட வாழ்க்கையில் நடக்கிற சின்னச் சின்ன விஷயங்கள்தான். துணைவர் சாகப்போகிறார் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நிஜம் தெரியாமல் வந்த சந்தோஷம் இல்லை அது. துக்கம், சந்தோஷம் இரண்டும் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே மணி நேரத்தில் நடக்கும்.

அதற்காக எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டு, சிரிப்புதான் மருந்து, பாசிட்டிவாக இருந்தால் கேன்சர் ஓடிவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை. வாட்ஸ்அப்பில் தினமும் வருகிற அந்த உபதேசம் எனக்கு எரிச்சலூட்டுவது. ஜேம்ஸ் காயின் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனநிலை நன்றாக இருந்தவர்கள் அதனால் அதிக நாள் வாழவும் இல்லை, சோர்ந்திருந்தவர்கள் அதனால் சீக்கிரம் போய்விடவும் இல்லை. கேட்க ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இது பெரிய ஆறுதல். உங்கள் அப்பா ஒருநாள் உட்கார்ந்து அழுதால் அதனால் கட்டி வளர்ந்துவிடாது. நீங்கள் அழுதாலும் அப்படித்தான். ரம்மிக்கும் சிகிச்சைக்கும் சம்பந்தமில்லை. அவருக்கு ரம்மி பிடிக்கும், அதனால் ஆடுகிறார். வேறு காரணம் தேவையில்லை.

எது உண்மையான அப்பா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் அவர்தான், ஆனால் இதில் மருந்துக்கும் பங்கு உண்டு. கீமோவோடு வாந்தி வராமல் இருக்கப் பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். அது தூக்கத்தைக் கெடுக்கும், பசியைக் கிளப்பும், சிலரை விடியவிடியப் பேச வைக்கும். அதை நிறுத்தியதும் ஆள் அப்படியே தொய்ந்துவிடுவார். நான்காம் நாள் சுவரைப் பார்த்துப் படுப்பதற்கு இதுவும் கீமோவின் களைப்பும் காரணமாக இருக்கலாம். டாக்டரிடம் சொல்லிவையுங்கள். அதே சமயம், ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற பஸ் கதைகளை மருந்தின் வேலை என்று ஒதுக்க வேண்டாம். தூங்காமல் இருக்க வைத்தது ஸ்டீராய்டு, ஆனால் அந்தக் கதைகளெல்லாம் அவர் வாழ்ந்தவை. முடிந்தால் போனில் பதிவு செய்யுங்கள்.

சீட்டு விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம். அவர் நிறுத்தியதற்கு அத்தை மட்டும்தான் காரணமா? ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ந்தது எதைத் தொட்டாலும் விரல் நுனியில் ஷாக் அடித்தது போலிருக்கும். அது தானாகவே அடங்கிவிடும். ஆனால் கீமோ சைக்கிள் கூடக் கூட, சிலருக்கு விரல் மரத்துப்போவது அடுத்த கீமோ வரைக்கும் நீடிக்கும். சட்டைப் பொத்தான் மாட்ட வராது, சில்லறை பொறுக்க வராது. பதிமூன்று சீட்டை விசிறி மாதிரி விரித்துப் பிடிப்பதும் கஷ்டம்தான். ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் கிழித்த விரல்கள் அவை. வரவில்லை என்று மகளிடம் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கலாம். அத்தையின் பேச்சு அவருக்கு ஒரு சாக்காகக் கிடைத்திருக்கலாம். ஜாடையாக விசாரித்துப் பாருங்கள். மரத்துப்போவது உண்மை என்றால் அடுத்த கீமோவுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். அதைப் பார்த்துத்தான் மருந்தின் அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும். சீட்டுக்கு வழி இருக்கிறது. துணி துவைக்கும் பிரஷ் புதிதாக ஒன்று வாங்கி மல்லாக்கப் போட்டால், அதன் நாருக்கு நடுவே சீட்டுகளைச் செருகி நிறுத்தலாம். கையில் பிடிக்கவே வேண்டாம்.

கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி, அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்பது. நம் பக்கத்தில் பாதி வீடுகளில் வெறும் கட்டி, குடல்புண் என்று சொல்லி நோயாளியை நம்பவைக்கப் பார்க்கிறார்கள். அவருக்கும் தெரிந்திருக்கும், தெரியாத மாதிரி நடிப்பார். எல்லோரும் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கும் வீட்டில் யாராலும் வாய்விட்டுச் சிரிக்க முடியாது. உளறிவிடுவோமோ என்ற பயமே வாயைக் கட்டிவிடும்.

என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய் வந்து தலைமுடி முழுக்கக் கொட்டியிருந்த சமயம், ஷேர் ஆட்டோவில் ஒரு அம்மா “மொட்டை பழனியிலயா, திருப்பதியிலயா?” என்று கேட்டார். பக்கத்தில் இருந்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சித்தி அசரவில்லை. பழனிதான் என்றார். விஞ்ச்சில் கூட்டம் தாங்கவில்லை, படியேறித்தான் போனேன், முட்டி விட்டுப்போச்சு என்று இறங்குகிற வரைக்கும் அளந்துகொண்டே வந்தார். பஞ்சாமிர்தம் இருக்கிறதா என்று அந்த அம்மா கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதே ஜோக்கை நாங்கள் யாராவது அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்காது. எதை வைத்துச் சிரிக்கலாம் என்று நோயாளிதான் முடிவுசெய்ய வேண்டும். அப்பா அழைத்தால் ஆடுங்கள். வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பினால் விட்டுவிடுங்கள். அவரைக் குஷிப்படுத்துவது உங்கள் டியூட்டி இல்லை. அப்புறம், உங்களுக்கென்றும் கொஞ்சம் நேரம் வேண்டும். அவர் தூங்கும்போது ஃபிரெண்டோடு டீ குடிக்கப் போவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பிறந்தநாளைக் கொண்டாடுங்கள். அடுத்த வருஷம் என்று உங்கள் கணவர் சொல்வது அக்கறையால்தான், மாமனாருக்கு அலைச்சல் வேண்டாம் என்று நினைக்கிறார். ஆனால் கேட்பவரே உங்கள் அப்பா. காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு கீமோ தேதிகளைக் குறியுங்கள். மாத்திரை முடிந்து அடுத்த கீமோ வருவதற்கு முன்னால் இருக்கும் மூன்றாவது வாரம்தான் பெரும்பாலும் நல்ல வாரம். வாய்க்கு ருசி கொஞ்சம் திரும்பும், நடமாட்டமும் இருக்கும். பிறந்தநாள் அந்த வாரத்தில் வராவிட்டால் விழாவைத் தள்ளி வையுங்கள், ஐந்து வயதுப் பையன் பஞ்சாங்கம் பார்க்கப்போவதில்லை. தேதி நெருங்கி இடித்தால், கீமோவை இரண்டு மூன்று நாள் நகர்த்த முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். சில சமயம் ஒத்துக்கொள்வார்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள்.

கூட்டம் சின்னதாக இருக்கட்டும். சளி, இருமல் இருக்கும் குழந்தைகளை இன்னொரு நாள் வரச்சொல்லுங்கள். அப்பாவுக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் கேக் வெட்டியாயிற்றா என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். யாரைக் கூப்பிடுவது, என்ன சமைப்பது என்கிற லிஸ்ட்டை அவரையே போடச் சொல்லுங்கள். அத்தையையும் கூப்பிடுங்கள். ஆனால் பாயசத்தை அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள், சும்மா உட்கார்ந்தால் மறுபடி அழ ஆரம்பித்துவிடுவார்.