குட்டி ரயிலுக்கு மலையும் மரமும்: எதற்குக் காசு, எதற்கு வேண்டாம்?

கேள்வி: எச்.ஓ. அளவு ரயில் செட் ஒன்று வைத்திருக்கிறேன். ஆறுக்கு மூன்று அடிப் பலகையில் நீலகிரி மலை ரயிலின் கல்லாறு–ஹில்குரோவ் பாதை மாதிரி ஒன்றை அமைக்க ஆசை. மலை, பாறை, புல், மரம் எல்லாவற்றையும் வெளிநாட்டு நிறுவனப் பட்டியலைப் பார்த்துக் கூட்டினால், ரயிலைவிட அதற்குத்தான் விலை அதிகமாக வருகிறது. உள்ளூர்ச் சரக்கை வைத்தே முடிக்க முடியுமா?
— கோவை வாசகர்

பதில்: முக்கால்வாசி முடியும். மீதிக் காலுக்குப் பணம் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

முதலில் ஒரு கணக்கு. எச்.ஓ. என்றால் 1:87, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. கடையில் எதை எடுத்தாலும் அதன் உயரத்தை 87-ஆல் பெருக்கிப் பாருங்கள். பெட்டியில் எச்.ஓ. என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். 8 செ.மீ. மரம் நிஜத்தில் 7 மீட்டர், அதாவது வீட்டு வாசலில் நிற்கும் முருங்கை உயரம். மலைக்காட்டில் நிற்கிற 20 மீட்டர் மரம் வேண்டுமென்றால் 23 செ.மீ. தேவை. அந்த உயரத்தில் கடை மரம் கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். ஆகவே ரயிலுக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு மூன்று பெரிய மரங்களை நீங்களே செய்து வையுங்கள். சின்ன மரங்களைப் பின்னால் தள்ளிவிட்டால் அவை தூரத்தில் நிற்பதாகக் கண் எடுத்துக்கொள்ளும்.

மலைக்குக் கடைச்சரக்கே வேண்டாம். மொட்டைமாடி வெயில் தடுப்புக்குப் போடும் எக்ஸ்.பி.எஸ். என்ற கெட்டி நுரைப் பலகைத் துண்டுகளை அடுக்கி ஒட்டிச் சீவினால் மலையின் உடம்பு தயார். மேலே போர்த்த, அயல்நாட்டு நிறுவனங்கள் பிளாஸ்டர் துணி என்று ஒரு சுருள் விற்கின்றன. எலும்பு முறிவுக்குக் கட்டும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பேண்டேஜும் அதே பொருள்தான். சர்ஜிக்கல் கடைகளில் 10, 15 செ.மீ. அகலச் சுருளாகக் கிடைக்கிறது. தண்ணீரில் நனைத்து இரண்டு அடுக்கு போர்த்துங்கள். சுருளின் உறை கிழிந்திருந்தால் வாங்காதீர்கள். ஈரக்காற்று பட்ட பிளாஸ்டர் சரியாக இறுகாது. பாறைக்கு, கசக்கிய அலுமினியத் தாளில் பிளாஸ்டர் கரைசலை ஊற்றி, பாதி இறுகும்போது மலைமேல் அமுக்கிப் பிடித்தால் போதும். வர்ணத்தைத் தண்ணீராகக் கரைத்துப் பல தடவை ஓட விட வேண்டும். நீலகிரிப் பாறை கருஞ்சாம்பல். வெளிநாட்டு வீடியோக்களில் பூசும் வெளிர் சுண்ணாம்பு நிறம் இங்கே ஒட்டாது.

தண்டவாளத்து ஜல்லியைப் பொட்டலமாக வாங்குவது தேவையில்லாத செலவு. நம் ரயில்வே போடும் ஜல்லி 20-லிருந்து 65 மி.மீ. வரை. 87-ஆல் வகுத்தால் சுமார் கால் மி.மீ.க்கும் முக்கால் மி.மீ.க்கும் இடையில் வரும். கட்டடம் நடக்கிற இடத்தில் ஒரு டப்பா எம்-சாண்ட் கேட்டு வாங்கி, இரண்டு விதக் கண்ணுள்ள சல்லடையில் சலித்து நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் கருங்கல் உடைத்த தூள்தானே! கடற்கரை மணல் மட்டும் கூடாது. உப்பு தண்டவாளத்தை அரிக்கும். நம் கரையோர மணலில் இல்மனைட் போன்ற கருந்தாதுக்களும் உண்டு. இன்ஜின் மோட்டாரில் இருக்கும் காந்தம் அந்தத் துகள்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். எம்-சாண்டாக இருந்தாலும் ஒரு வலுவான காந்தத்தை மேலே இரண்டு தடவை ஓட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒட்டுவதற்கு ஒரு பங்கு ஃபெவிகால், இரண்டு பங்கு தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம். ஜல்லியை உலர்ந்தபடி பரப்பி, மேலே தண்ணீரைப் பனிபோல் தெளித்து, சிரிஞ்சால் சொட்டு சொட்டாக விடுங்கள். பாதை பிரியும் பாயிண்ட்டின் நகரும் நாக்குப் பக்கம் பசை போகக் கூடாது. போனால் புது பாயிண்ட்தான்.

மண்ணும் அப்படியே. மேட்டுப்பாளையம் பக்கத்துச் செம்மண்ணையே சலித்து, பழைய இரும்புச் சட்டியில் வறுத்துக்கொள்ளுங்கள். வறுக்காத மண்ணோடு பூச்சி முட்டையும் பலகைக்குக் குடிவரும். காட்டுத் தரைக்கு, வடிகட்டிய டீத்தூளை மொறுமொறுவென்று காயவைத்துத் தூவினால் சருகு மாதிரியே இருக்கும். அரைகுறையாகக் காய்ந்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். காகிதக் கூழ் வேலைக்கு மைதாப் பசை காய்ச்சுவதானால் மயில்துத்தம் சேர்க்காமல் விடாதீர்கள். இல்லையேல் மலையைக் கரப்பான் தின்றுவிடும். துத்தம் விஷம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பணம் போட வேண்டிய இடம் புல். மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் போட்டுத் தூவிய பழைய முறை தூரத்திலிருந்துகூட மரத்தூளாகத்தான் தெரியும். நிலைமின்சாரத்தால் நட்டுக்குத்தலாக நிற்கவைக்கும் நைலான் இழைப் புல்தான் இன்றைய வழி. இங்கும் 87 கணக்கு பாருங்கள்: 2 மி.மீ. இழை 17 செ.மீ. புல், 4 மி.மீ. என்றால் 35 செ.மீ., 12 மி.மீ. என்றால் இடுப்பளவு கோரை. 2, 4, 6 என மூன்று நீளங்களைக் கலந்து போட்டால்தான் இயற்கையாக வரும். நோக், புஷ், வுட்லண்ட் சீனிக்ஸ் போன்றவர்களின் சரக்கு தரமானது. ஆனால் வசந்தகாலப் பச்சை என்ற வகையை எடுக்காதீர்கள், அது ஐரோப்பியப் புல்வெளி நிறம். வைக்கோல் நிறமும் மங்கிய பச்சையும் பாதிப் பாதி வாங்குங்கள். நீங்கள் கோவைக்காரர் என்பதால் ஒரு குறிப்பு: திருப்பூர்ப் பக்கம் துணியில் வெல்வெட் போல இழை ஒட்டும் ஃப்ளாக் பிரிண்டிங் செய்பவர்களிடம் இருப்பதும் இதே இன இழைதான். வழக்கமாக ஒரு மி.மீ.க்குள் இருக்கும். புல்வெளிக்கு அது குட்டை. பாறை மேல் பாசிக்குப் பொருந்தும்.

புல் தூவும் கருவியைத் தயாராகவே வாங்குங்கள். கொசு பேட்டைப் பிரித்து இதைச் செய்யச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. பேட்டின் உள்ளே உள்ள கெப்பாசிட்டர் அணைத்த பிறகும் உயர் மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். மின் வேலை பழகாதவர் தொட வேண்டாம். எந்தக் கருவியானாலும் ஈரப்பதம் மிகுந்த நாளில் இழை கட்டி கட்டியாக விழும், கருவி மேல் பழி போட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். இழையை வெயிலில் காட்டி எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

கல்லாறு என்றால் பாக்குத் தோப்பு இல்லாமல் எப்படி? கடையில் கிடைக்கும் பனை வகை மரங்கள் மினுமினு பிளாஸ்டிக். பெரும்பாலும் கடற்கரைத் தென்னையின் சாயல். பாக்கு மரத்தண்டு சுமார் 15 செ.மீ. குறுக்களவு, 1:87-இல் 1.7 மி.மீ. வீட்டுத் துடைப்பத்து ஈர்க்குச்சியின் அடிப்பகுதி கிட்டத்தட்ட அந்தத் தடிமன்தான். 17 செ.மீ. நீளத்துக்கு நறுக்கினால் 15 மீட்டர் மரம். மட்டைக்கு, இரண்டரை செ.மீ. நீளத்தில் வெட்டிப் பச்சை பூசிய கோழி இறகு. ஒரு மாலைப் பொழுதில் ஒரு தோப்பே நட்டுவிடலாம்.

பாதையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். நிஜத்தில் அந்த மலைப்பாதை 12-க்கு 1 சரிவு. நடுவே பல்சட்டம் (இன்ஜினின் பல்சக்கரம் கவ்வும் சட்டம்) இருப்பதால் ஏறுகிறது. உங்கள் இன்ஜின் 40-க்கு 1 சரிவுக்கு மேல் திணறும். அதனால் பாதையைக் கிட்டத்தட்ட மட்டமாகவே விட்டுவிட்டு, ஒருபுறம் மலையை உயர்த்துங்கள், மறுபுறம் பலகையை வெட்டிப் பள்ளத்தாக்கை இறக்குங்கள். ரயில் ஏறுவது போலவே இருக்கும். மேலும் உங்கள் 16.5 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளம் 1,435 மி.மீ. பாதையின் குட்டி. நீலகிரிப் பாதை மீட்டர்கேஜ், எச்.ஓ. அளவில் அதற்கு 12 மி.மீ. தண்டவாளம். துல்லியத்தில் பிடிவாதம் இருந்தால் காட்சி வேலையைத் தொடங்கும் முன்பே அதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு இணையதளத்தில் எச்.ஓ. மரங்கள் 50 என்று ஆர்டர் செய்தேன். படத்தில் அடர்ந்த ஆலமரம் போல இருந்தது. வந்ததோ விரல் நீளக் கம்பியில் கிளிப்பச்சைத் தூள். திரும்பப் பெற மாட்டோம் என்கிறார் விற்பனையாளர். என்ன செய்வது?
— சென்னை வாசகி

பதில்: ஆர்டர் பக்கத்தை மறுபடி திறந்து, படத்தை விட்டுவிட்டு விவரத்தைப் படியுங்கள். உயரம் 3 முதல் 6 செ.மீ. என்று அங்கே எழுதியிருந்தால் உங்கள் வழக்கு பலவீனம். 5 செ.மீ. மரம் எச்.ஓ.வில் நாலேகால் மீட்டர்தான், ஆனால் அவர் அளவை மறைக்கவில்லை. அளவே தரவில்லை, அல்லது தந்த அளவுக்குப் பொருள் மாறியிருக்கிறது என்றால் நியாயம் உங்கள் பக்கம். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். ‘நோ ரிட்டர்ன்’ என்று அவரே எழுதிக்கொண்டால் அது செல்லுபடியாகிவிடாது.

பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள். ஒரு மரத்தை ஸ்கேல் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடியுங்கள். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் கிடைத்ததாகப் பதில் தரவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் அவருக்குக் கடமை உண்டு. அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். சில நூறு ரூபாய் மரத்துக்காக ஆணையம் வரை போகச் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் 1915-லேயே இறங்கி வருவார்கள்.

பணம் திரும்பாவிட்டாலும் அந்த மரங்கள் வீண் இல்லை. மங்கிய பழுப்பு வர்ணத்தை நீர்க்கக் கரைத்து அடித்து, பின்வரிசையில் நெருக்கமாக நடுங்கள்.

கேள்வி: ஆற்றுக்கு எபாக்சி ரெசின் வாங்கி ஊற்றினேன். ஒரு பக்கம் பால் போல வெளுத்தது, இன்னொரு பக்கம் இன்னும் பிசுபிசுக்கிறது. போலிச் சரக்கா?
— மதுரை வாசகர்

பதில்: போலி என்று சொல்ல அவசரப்பட வேண்டாம். பிசுபிசுப்புக்கு வழக்கமான காரணம், ரெசினையும் ஹார்டனரையும் (இறுக வைக்கும் திரவம்) கலக்கும் விகிதம் தவறுவது. 2:1 என்று போட்டிருந்தால் அது எடையா, கொள்ளளவா என்று லேபிளில் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. வெளுப்பு ஈரக்காற்றால் வருவது. மழை நாளில் ஊற்றாதீர்கள். லேபிளில் விகிதம், தயாரிப்புத் தேதி, நிறுவன முகவரி எதுவுமே இல்லாத பாட்டிலை வாங்கியிருந்தால் மட்டும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகலாம். ஓவிய ரெசினைச் சுமார் 3 மி.மீ. அடுக்குகளாகத்தான் ஊற்ற வேண்டும், ஒரே மூச்சில் ஊற்றினால் சூடேறி விரிசல் விடும். விலை குறைவு என்று ஃபைபர்கிளாஸ் கடையில் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசினை வாங்கிவிடாதீர்கள். அது அடியில் உள்ள தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

ஆழம் குறைந்த ஓடைக்கு ரெசினே வேண்டாம். அடியைப் பழுப்பும் பாசிப்பச்சையுமாகத் தீட்டி (நீலம் கூடாது), பளபள வார்னிஷ் நாலைந்து பூச்சு கொடுங்கள்.

கேள்வி: ஜெர்மனியிலிருந்து நேரடியாக வரவழைத்தால் மலிவா?
— திருச்சி வாசகர்

பதில்: சில்லறையாக வாங்கினால் மலிவில்லை. சுங்கவரியைப் பொருளின் விலையோடு அஞ்சல் செலவையும் காப்பீட்டையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். இந்தியக் கடையில் வாங்கினாலும் ஏன் இவ்வளவு விலை என்றால், ரயில் மாதிரிகள் சுங்கப் பட்டியலில் பொம்மைகளோடு ஒரே தலைப்பில் இருக்கின்றன. பொம்மைகளுக்கான அடிப்படை வரி 2020-இல் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 ஆகவும் ஏறியது. புல் இழை, இலைத்தூள் போன்ற எடையில்லாத சரக்கை மட்டும், நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழையுங்கள். வரியை விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கிறாரா, கதவுக்கு வரும்போது நீங்கள் கட்ட வேண்டுமா என்று ஆர்டருக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிரே பசை, ஸ்பிரே வர்ணம் எதையும் சேர்க்காதீர்கள்: விமான அஞ்சலில் அவற்றுக்குத் தடை, மொத்தப் பார்சலும் மாட்டிக்கொள்ளும்.