பட்டறையில் சரியாக இருந்த டிரான்ஸ்மிட்டர் கலனில் கூடுதலாகக் காட்டுவது ஏன்?

கேள்வி: தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாகப் புதிதாகச் சேர்ந்துள்ளேன். மூடிய நீராவிக் கலன் ஒன்றின் நீர்மட்டத்தை, இரு பக்க அழுத்தங்களின் வேறுபாட்டைக் கொண்டு அளக்கும் டிபி டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிப் பட்டறையில் காலிபரேஷன் செய்தபோது ஐந்து புள்ளிகளும் சரியாக இருந்தன. மீண்டும் பொருத்திய பின், கலனின் நீர்மட்டத்தை நேரில் காட்டும் கண்ணாடியான கேஜ் கிளாஸ் காட்டுவதைவிட ஏறக்குறைய 20% கூடுதலாகக் காட்டுகிறது. ஸீரோவை (அளவின் தொடக்கப் புள்ளியை) மாற்றிப் பொருத்திவிடலாம் என்கிறார் மூத்த பணியாளர். அவ்வாறு செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். பட்டறையில் நீங்கள் சோதித்தது கருவியை மட்டுமே. கலனின் அழுத்தத்தைக் கருவிக்குக் கொண்டுவரும் இம்பல்ஸ் லைன் குழாய்கள் அந்தச் சோதனைக்கு வரவே இல்லை. உங்கள் விவரங்களைப் பார்த்தால் பிழை அங்கேதான் இருக்கக்கூடும்.

கருவியின் ஹை சைடு கலனின் கீழ் இணைப்போடும் லோ சைடு மேல் இணைப்போடும் சேர்ந்திருக்கும். இத்தகைய கலன்களில் லோ சைடு குழாய் எப்போதும் நீர் நிரம்பியே இருக்க வேண்டும். இதையே வெட் லெக் என்கிறோம். மேல், கீழ் இணைப்புகளுக்கு இடையே 1000 மில்லிமீட்டர் உயரம் என்றும், டிரான்ஸ்மிட்டர் கீழ் இணைப்பின் மட்டத்திலேயே இருக்கிறது என்றும் கொள்வோம். நீராவியின் எடையை இப்போதைக்கு விட்டுவிடலாம். கலன் காலியாக இருக்கும்போது லோ சைடில் மட்டும் 1000 மி.மீ. நீரின் அழுத்தம் இருப்பதால் வேறுபாடு -1000 ஆகும். கலன் நிரம்பினால் அது 0 ஆகும். எனவே இதன் ரேஞ்ச் -1000 முதல் 0 வரை. கழற்றும்போது வெட் லெக்கிலிருந்து 200 மி.மீ. நீர் வடிந்திருந்தால், எல்லா மட்டத்திலும் அளவு சரியாக 20% கூடுதலாகவே வரும்.

இந்தப் பிழையின் திசைதான் கவலைக்குரியது. உண்மையில் நீர் குறைவாக இருக்கும்போது திரையில் போதுமானதாகத் தெரியும்; கட்டுப்பாட்டு லூப் நீர்வரத்தைக் குறைக்கும்; நீர் குறைந்தால் தானாக நிறுத்தும் குறைநீர் டிரிப்பும் இதே சிக்னலை நம்பியிருந்தால் அதுவும் செயல்படாது. ஸீரோவை மாற்றிவிட்டால் தற்காலிகமாகப் பொருத்தம் கிடைக்கும். ஆனால் வெட் லெக்கின் உச்சியிலுள்ள கன்டென்சேட் பாட் என்ற சிறு கலத்தில் நீராவி குளிர்ந்து நீராகி, வெட் லெக் மெல்ல நிரம்பியதும் அளவு 20% குறைவாகிவிடும்.

ஸீரோ பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருவியின் வெளியீடு ரேஞ்சின் கீழ்முனையில் 4, மேல்முனையில் 20 மில்லிஆம்பியர். மேற்கண்ட ரேஞ்சில், கருவியோடு சேர்ந்த வால்வுத் தொகுதியான மானிபோல்டில் குழாய்களை அடைக்கும் இரு பிளாக் வால்வுகளையும் மூடி, இரு பக்கங்களையும் இணைக்கும் ஈக்வலைசிங் வால்வைத் திறந்தால், வேறுபாடு 0 ஆவதால் வெளியீடு 4 அல்ல, 20 மில்லிஆம்பியர். அது பிழை என்று எண்ணி வெளிப்புற ஸீரோ பட்டனை அழுத்துபவர்கள் உண்டு. பல டிரான்ஸ்மிட்டர்களில் அந்தப் பட்டன் அப்போதுள்ள அழுத்தத்தையே புதிய 4 மில்லிஆம்பியர் புள்ளியாக்கி ரேஞ்சையே குலைத்துவிடும். கருவியின் அமைப்புகளை மாற்ற உதவும் கையடக்க ஹார்ட் (HART) கம்யூனிகேட்டர் வழியாகச் செய்யும் சென்சார் ஸீரோ ட்ரிம் வேறு. வேறுபாடு உண்மையிலேயே 0 ஆக இருக்கும் நிலையில் மட்டும் அதைச் செய்யலாம்.

வேலையைத் தொடங்குமுன் வொர்க் பெர்மிட் பெற்று, லூப்பை மேனுவலுக்கு மாற்றச் சொல்லி, இன்டர்லாக் பைபாஸுக்கு (தானியங்கிப் பாதுகாப்பு நிறுத்தத்தைத் தற்காலிகமாக விலக்குவதற்கு) எழுத்துமூல அனுமதி வாங்குங்கள். முதலில் கம்யூனிகேட்டரில் 12 மில்லிஆம்பியரை நிலைநிறுத்தி, கட்டுப்பாட்டு அறையில் 50% வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வயரிங்கும் திரையின் ரேஞ்சும் சரி. பிறகு கலனிலிருந்து தனிமைப்படுத்தி, அழுத்தத்தை வெளியேற்றி, குழாய் ஆறியபின் வெட் லெக்கை நிரப்பும் துளை வழியாகக் காற்றுக் குமிழிகள் இன்றி நிரப்புங்கள். மானிபோல்டின் மூன்று வால்வுகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கவே கூடாது. திறந்திருந்தால் நிரப்பிய நீர் ஹை சைடு வழியாகக் கலனுக்குள் போய்விடும். முதல் முறை இழந்ததும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

நிரப்பிய பிறகும் சில நாட்களில் அளவு மெல்ல ஏறினால், ஈக்வலைசிங் வால்வு உள்ளுக்குள் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அதை மூடியபடியே இரு பிளாக் வால்வுகளையும் மூடுங்கள். அளவு உடனே 20 மில்லிஆம்பியரை நோக்கி நகர்ந்தால் ஐயம் வலுக்கிறது. லோ சைடு டிரெயின் பிளக்கையும் ஃபிட்டிங்குகளையும் பாருங்கள்.

கேஜ் கிளாஸையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். அதிலுள்ள நீர் கலனிலுள்ள நீரைவிடக் குளிர்ந்து அடர்த்தி கூடியிருப்பதால், உண்மை மட்டத்தைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். ஏறக்குறைய 250 பாகை செல்சியஸில் கொதிநிலை நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 800 கிலோ அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே இரண்டு, மூன்று மட்டங்களில் இரு அளவுகளையும் குறித்து ஒப்பிடுங்கள். வேறுபாடு மாறாமல் இருந்தால் வெட் லெக்கில் குறை. மட்டம் உயர உயர வேறுபாடும் வளர்ந்தால் அடர்த்தியைக் கணக்கில் எடுத்த விதத்தில் குறை, அப்போது ரேஞ்ச் கணக்கை வடிவமைப்புப் பொறியாளரிடம் கொண்டு செல்லுங்கள்.

நிரப்பும் முன்பும் பின்பும் கிடைத்த அளவுகளைப் பதிவேட்டில் எழுதி, பைபாஸை நீக்கியதற்கும் கையொப்பம் வாங்கிய பிறகே பெர்மிட்டை ஒப்படையுங்கள்.