நேட்டாலுக்குப் போன தாத்தாவைத் தேடுவது எப்படி? கேள்வி பதில்

1860 முதல் 1911 வரை சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார்கள். பெரும்பங்கு சென்னை மாகாணத்து ஆட்கள். அவர்களைத் தேடுகிறவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் கீழே. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

போளூர் வாசகர்: கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் முனுசாமி கரும்புத் தோட்ட வேலைக்குப் போனார். வெருலம் என்ற ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்ததோடு சரி. அவர் சமாதியைக் கண்டுபிடிக்க முடியுமா?

சமாதியை அப்புறம் பார்க்கலாம், முதலில் அவருடைய எண்ணைப் பிடியுங்கள். நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும்கூட, ஓர் எண் கொடுத்தார்கள். புகார், கல்யாணம், சாவு என்று பின்னால் எது நடந்தாலும் காகிதத்தில் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண் இருக்கும். பெயர் பத்து விதமாக மாறும், எண் மாறாது.

எண் இருப்பது கப்பல் பட்டியலில். தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். 'இடது புருவத்தில் தழும்பு' என்கிற மாதிரி ஒரு வரியைப் படிக்கும்போது ஆளே எதிரில் நிற்பதுபோல இருக்கும். இந்தப் பட்டியல்களைப் பிரதியெடுத்து வைத்திருப்பது டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம்.

முனுசாமி என்று தேடினால் ஏகப்பட்ட பேர் வருவார்கள். அதனால் தகப்பன் பெயரையும் கிராமத்தையும் சேர்த்துத் தேடுங்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்: மூன்சாமி, முன்சாமி, முனிசாமி, எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். ஆள் கிடைத்தால் அவருக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களையும் பாருங்கள். குடும்பமாக வந்தவர்களுக்கு அடுத்தடுத்த எண்தான் விழும். அண்ணி என்றோ பங்காளி என்றோ யாராவது தட்டுப்படலாம்.

பட்டியலில் எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்பதும் இருக்கும். சில பேருக்குக் கடைசிக் கட்டத்தில் இறந்த தேதியையோ ஊர் திரும்பிய தேதியையோ குறித்திருப்பார்கள். இல்லையென்றால் அடுத்த இடம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகம். இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகக் கோப்புகள் அங்கேதான் உள்ளன. தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையக் குறிப்பட்டியலில் பெயருக்குப் பதிலாக எண்ணை மட்டும் போட்டுத் தேடிப் பாருங்கள், சில சமயம் அதுதான் வேலை செய்யும்.

சமாதி விஷயத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் இறந்தவர்களைப் பெரும்பாலும் தோட்ட எல்லையிலேயே புதைத்தார்கள், கல் நட வசதியிருந்தவர்கள் குறைவு. அந்த இடங்களில் பலவற்றில் இன்று கரும்பு நிற்கிறது. எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று தெரிந்தால் அதுவே பெரிய விஷயம்.

ஈரோடு வாசகர்: எங்கள் முன்னோர் 1860-இல் முதல் கப்பலிலேயே போனவர் என்பார்கள். சரிபார்ப்பது எப்படி?

எல்லார் வீட்டிலும் முதல் கப்பல்தான்! அந்த முதல் கப்பலான ட்ரூரோ 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பனை அடைந்தது, அதில் வந்தவர்கள் 342 பேர். கப்பல் பட்டியலில் மற்றவர்களைவிட முன்னால் இருப்பது அவர்கள்தான். உங்கள் ஆளின் எண் 342-க்கு மேல் போனால் ட்ரூரோவை மறந்துவிடலாம். 1866-இல் நின்ற ஆள் அனுப்பல் 1874-இல்தான் மறுபடி தொடங்கியது, ஆகவே நடுவில் 1870 என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள்.

செங்கம் வாசகர்: பட்டியலில் தென்னாற்காடு என்று இருக்கிறது. நாங்கள் திருவண்ணாமலைப் பக்கம். வேறு ஆளா?

வேறு ஆள் என்று முடிவு கட்ட வேண்டாம். திருவண்ணாமலை அப்போது தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது, பிற்பாடுதான் வடாற்காட்டுக்கு மாறியது. வடாற்காட்டுக்குச் சித்தூர்தான் அன்று தலைநகர், ஆகவே 'வடாற்காடு' என்று கண்டால் இன்றைய ஆந்திராவையும் கணக்கில் வையுங்கள். எல்லைகளை அந்த வருஷத்து வரைபடத்தில் பாருங்கள், இன்றைய மாவட்டத்தில் தேடாதீர்கள்.

மதுரை வாசகி: டர்பனில் கோவெண்டர் என்ற குடும்பம் எங்களைச் சொந்தம் என்கிறது. பட்டப்பெயர் போதுமா?

போதாது. கவுண்டர் அங்கே கோவெண்டராகவும் முதலியார் மூட்லியாகவும் ஆனது உண்மைதான். ஆனால் தகப்பன் பெயரே குடும்பப் பெயரானதும் உண்டு, பதிவின்போது வேறு சாதி சொன்னவர்களும் உண்டு. கிராமமும் தகப்பன் பெயரும் பொருந்தினால் பேசுங்கள். டிஎன்ஏ சோதனை உதவும், ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள் கட்டிய குடும்பங்களில் உண்மையில் இருப்பதைவிட நெருங்கிய உறவாகக் காட்டும்.

திருச்சி வாசகர்: இறந்த நாள் தெரியாமல் திதி கொடுக்க முடியவில்லை. எங்கே பார்ப்பது?

ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் நேட்டால் இறப்புப் பதிவுகளும் இறந்தவர் விட்டுப்போன சொத்தைப் பற்றிய சொத்துக் கோப்புகளும் இருக்கின்றன, கணக்குத் தொடங்கக் காசில்லை. சொத்துக் கோப்பில் உள்ள இறப்பு அறிவிப்பு முக்கியம். தேதியோடு பிள்ளைகள் பெயரும் இருக்கும். தகவல் சொன்னவர் மகனாகவோ அண்டைவீட்டுக்காரராகவோ இருப்பதால் வயதையும் பிறந்த ஊரையும் முழுதாக நம்ப வேண்டாம், 'மெட்ராஸ்' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். தேதி கிடைத்தால் பஞ்சாங்கத்தில் திதி பார்த்துக்கொள்ளலாம். கிடைக்காதவர்களுக்குத்தான் மகாளய அமாவாசை இருக்கிறதே.

கடலூர் வாசகர்: இறப்புப் பதிவே இல்லை. வேறு என்ன வழி?

அவர் அங்கே இறக்காமலே இருக்கலாம். ஒப்பந்தம் முடிந்து திரும்பியவர்கள் ஏராளம். 1895-இல் சட்டமாகி, ஒப்பந்தம் முடித்தும் தங்குபவர்கள் மீது விழுந்த ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி பலரைக் கப்பலேற்றியது. இந்திய, தென்னாப்பிரிக்க அரசுகள் செய்துகொண்ட 1927 கேப்டவுன் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஊர் திரும்பும் பெரியவர் ஒவ்வொருவருக்கும் 20 பவுண்டு கொடுத்தார்கள். அப்படி வந்தவர்களில் கிராமத்துக்குப் போகாமல் சென்னையிலேயே தங்கியவர்களும் உண்டு. அவர் திரும்பியிருந்தால் சமாதியை டர்பனில் தேடிப் பயனில்லை.

சென்னை வாசகர்: அங்கே ஒருவரைக் கூலிக்கு அமர்த்தித் தேடச் சொல்லலாமா?

செய்யலாம். முழுப் பணத்தையும் முன்னாலே கொடுக்காதீர்கள். எந்தக் கோப்பு, என்ன குறிப்பு எண் என்று எழுதி வாங்கிக்கொண்டு, பக்கத்தின் படத்தையும் கேளுங்கள். 'பார்த்தேன், இல்லை' என்று மட்டும் சொல்பவரிடம் எங்கெங்கே பார்த்தார் என்ற பட்டியலை வாங்குங்கள், அடுத்தவர் அதே இடத்தில் மறுபடி தேடிக் காசு கேட்காமல் இருக்கும்.